முகம் வாடாமல் உண்மையைச் சொல்வது எப்படி? வாடிக்கையாளரிடம் பேச ஒரு முழுமையான வழிகாட்டி

கீழே விழுந்த ஹார்ட் டிஸ்க் ஒன்றை எடுத்துக்கொண்டு ஒரு பெண்மணி வந்தார். கணினி பழுதுபார்க்கும் இடத்தில் முன்மேசையில் நான் உட்கார்ந்திருந்த காலம் அது. இணைத்துப் பார்த்தேன். உள்ளேயிருந்து 'டக், டக்' என்று சத்தம் வந்தது. அந்தச் சத்தம் கேட்டாலே எங்களுக்குத் தெரிந்துவிடும்: தகவலைப் படிக்கும் முனை பெரும்பாலும் போய்விட்டது, எங்களிடம் இருந்த கருவிகளால் ஒன்றும் ஆகாது. "எட்டு வருஷப் படம் தம்பி, எல்லாம் இதுலதான் இருக்கு" என்றார். கண் கலங்கியிருந்தது. நான் சொன்ன பதில்: "கவலைப்படாதீங்க மேடம், பார்க்கலாம்."

ஐந்து நாள் பார்த்தோம். பார்த்தோம் என்றால், தினமும் அதற்கு மின்சாரம் கொடுத்து, ஏதாவது தெரிகிறதா என்று திரையை முறைத்தோம். முனை பழுதான டிஸ்க்கை அப்படித் திரும்பத் திரும்ப ஓடவிட்டால் உள்ளே இருக்கும் தகடே கீறிப்போகும் ஆபத்து உண்டு. தூசி இல்லாத அறையில் பிரித்துச் சரிசெய்பவர்களுக்குக்கூட அதன்பிறகு வேலை கடினமாகிவிடும். ஆறாம் நாள் "முடியலை மேடம்" என்றேன். அவர் கத்தவில்லை. "முதல் நாளே சொல்லியிருந்தா வேற இடத்துல கொடுத்திருப்பேனே தம்பி" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

"பார்க்கலாம்" என்பது பொய்யா? அகராதிப்படி இல்லை. ஆனால் அவர் காதில் அது "கிடைச்சிடும்" என்றுதான் விழும் என்பது எனக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னேன்.

இதற்கு நம்மிடம் ஒரு பழைய சொல் இருக்கிறது: முகதாட்சண்யம். எதிரே இருப்பவர் முகத்தைப் பார்த்தால் 'இல்லை' என்ற சொல் தொண்டையைத் தாண்டுவதில்லை. அதை நாம் நயம், பக்குவம், வாடிக்கையாளர் சேவை என்று பல பெயர்களில் அழைத்துக்கொள்கிறோம். உண்மையில் அன்று நான் காப்பாற்றியது அவருடைய மனதை இல்லை. அழும் ஒருவரை எதிர்கொள்ளும் சங்கடத்திலிருந்து என்னைத்தான். இந்த வழிகாட்டி முழுக்க நான் திரும்பத் திரும்ப வருவது இந்த இடத்துக்குத்தான். மென்மையாகப் பேசும்போதெல்லாம், அந்த மென்மையால் யாருக்கு லாபம் என்று ஒரு கணம் கேட்டுக்கொள்ளுங்கள்.

மரியாதைப் பேச்சை ஆராய்ந்த பெனலோப் பிரவுன், ஸ்டீபன் லெவின்சன் இருவரும் 1978இல் வெளியிட்ட ஆய்வுக்கு மையமாக எடுத்துக்கொண்ட மொழிகள் மூன்று: ஆங்கிலம், மெக்சிகோவில் பேசப்படும் ட்செல்டால், தமிழ். அவர்கள் கோட்பாட்டின் நடுப்புள்ளியே 'முகம்' என்ற கருத்துதான். முகம் கொடுத்துப் பேசுவது, முகத்தை முறிப்பது, முகம் சுளிப்பது என்று முகத்தை வைத்தே உறவை அளக்கும் நமக்கு இது புதிதாகத் தோன்றாது. முகம் முறியாமல் பேசும் உத்திகள் நம் மொழியில் ஏராளம். அவற்றை உண்மையை மறைக்கப் பயன்படுத்துகிறோமா, உண்மையைக் கொண்டு சேர்க்கப் பயன்படுத்துகிறோமா என்பதில்தான் சிக்கல்.

முதல் படி: வாயைத் திறக்கும் முன் பிரித்துக்கொள்ளுங்கள்

உங்களுக்குத் தெரிந்த எல்லாவற்றையும் கொட்டுவது நேர்மை ஆகாது. தெரிந்ததை மூன்று குவியலாகப் பிரியுங்கள். அவர் முடிவெடுக்கத் தேவையானவை ஒன்று: பணம், காலம், ஆபத்து, இழப்பு தொடர்பான எதுவும் இதில் வரும். அவர் வாய்விட்டுக் கேட்டவை இன்னொன்று. மிச்சமெல்லாம் உங்கள் அபிப்பிராயம்.

முதல் குவியலில் இருப்பதை அவர் கேட்காவிட்டாலும் சொல்லியாக வேண்டும். "அவர் கேட்கலை, அதனால நான் சொல்லலை" என்பது இங்கே செல்லாது. சட்டமும் பல இடங்களில் அப்படித்தான் பார்க்கிறது. நேர்மையற்ற வணிக நடைமுறைகள் பற்றிய ஐரோப்பிய ஒன்றியத்தின் 2005ஆம் ஆண்டு நெறிமுறை, முக்கியமான தகவலைச் சொல்லாமல் விடுவதையும் ஏமாற்றும் செயல்களில் சேர்க்கிறது. இந்தியாவின் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமும், முக்கியத் தகவலை வேண்டுமென்றே மறைக்கும் விளம்பரத்தைத் தவறாக வழிநடத்தும் விளம்பரம் என்றே சொல்கிறது.

மூன்றாவது குவியலில்தான் நாக்கைக் கட்ட வேண்டும். அந்தப் பெண்மணியிடம் "ஒரு பிரதி எடுத்து வெச்சிருக்கலாமே" என்று சொல்வது உண்மைதான். அந்த நேரத்தில் அதனால் அவருக்கு எந்தப் பயனும் இல்லை, வலி மட்டும்தான். அடுத்த டிஸ்க் வாங்கும் நாளில் சொல்லலாம். அப்போது அது அறிவுரை, இப்போது சொன்னால் குத்தல்.

இரண்டாம் படி: அவர் எங்கே நிற்கிறார் என்று கேளுங்கள்

கெட்ட செய்தி சொல்வதைத் தொழிலின் பகுதியாகவே கொண்டவர்கள் மருத்துவர்கள். புற்றுநோயாளிகளிடம் செய்தி சொல்ல 2000ஆம் ஆண்டில் வெளியான 'ஸ்பைக்ஸ்' என்ற ஆறு படி முறை இன்றும் பல மருத்துவக் கல்வி நிலையங்களில் சொல்லித்தரப்படுகிறது. அதில் செய்தியைச் சொல்வது நான்காவது படிதான். முதலில் தனிமையான சூழல், அடுத்து நோயாளிக்கு ஏற்கெனவே என்ன தெரியும் என்று கேட்பது, பிறகு எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறார் என்று கேட்பது, அதன்பிறகே செய்தி.

நம் தொழிலில் உயிர் போகிற விஷயம் அபூர்வம். ஆனாலும் அந்த வரிசை அப்படியே பொருந்தும். "இதுக்கு முன்னாடி யார்கிட்டயாவது காட்டினீங்களா? என்ன சொன்னாங்க?" என்று ஒரு கேள்வி கேட்டால் போதும். சிலர் மோசமான பதிலை ஏற்கெனவே பாதி எதிர்பார்த்துத்தான் வந்திருப்பார்கள். அவர்களிடம் சுற்றி வளைத்தால் எரிச்சல்தான் வரும். சிலருக்கு எதுவுமே தெரியாது. அவர்களுக்கு இரண்டு நிமிடம் கூடுதலாகத் தேவைப்படும். இன்னொன்றும் கேளுங்கள்: அந்தப் பொருளில், அந்த வேலையில் அவருக்கு எது முக்கியம்? எட்டு வருடப் படம் என்று சொன்னவருக்கு டிஸ்க் முக்கியமே இல்லை.

கூட்டமாக நிற்கும் இடத்தில் சொல்லாதீர்கள். பின்னால் நாலு பேர் கேட்க "உங்க கார்டு செல்லலை" என்பது உண்மைதான். அதையே குரலைத் தாழ்த்திச் சொல்ல எந்தச் செலவும் இல்லை.

மூன்றாம் படி: முன்னறிவிப்பு, செய்தி, மௌனம், வழி

சொல்லும் வரிசை இதுதான், இதை மட்டும் மனப்பாடமே செய்துகொள்ளலாம். முதலில், கஷ்டமான செய்தி வருகிறது என்று ஒரு வாக்கியம். அடுத்து, செய்தி, ஒரே வாக்கியத்தில். பிறகு வாயை மூடிக்கொள்வது. அவர் பேசியபின், என்ன செய்யலாம் என்ற வழி.

இப்போது அந்தப் பெண்மணி வந்தால் இப்படிச் சொல்வேன்:

"மேடம், கொஞ்சம் கஷ்டமான விஷயம் சொல்லணும். இதுல இருக்கிற படங்களை எங்களால எடுக்க முடியாது."

இங்கே நிறுத்த வேண்டும். மூன்று விநாடி மௌனம் முப்பது விநாடி மாதிரி இருக்கும். அதை நிரப்ப வாய் துடிக்கும், "ஆனா பாருங்க, கவலைப்படாதீங்க, சில நேரம் என்னன்னா..." என்று ஆரம்பித்தால் சொன்ன செய்தி கரைந்துவிடும். அவர் "அப்போ அவ்வளவுதானா?" என்று கேட்பார். அப்போது: "எங்களால முடியாது. ஆனா டிஸ்க்கைப் பிரிச்சு எடுக்கிற வசதி உள்ளவங்க இருக்காங்க. செலவு அதிகம், கிடைக்கும்னு உத்தரவாதமும் இல்லை. ஒண்ணு மட்டும் செய்யுங்க, அதுவரைக்கும் இதைக் கம்ப்யூட்டர்ல மாட்டாதீங்க. ஒவ்வொரு தடவை ஓடும்போதும் சேதம் கூடலாம்."

முன்பு சொன்ன "பார்க்கலாம்" ஒரே ஒரு சொல். இது ஆறேழு வாக்கியம். நயத்துக்கு நேரம் பிடிக்கும். நேரம் இல்லாதவர்கள்தான் ஒன்று முகத்தில் அடித்தாற்போல் சொல்கிறார்கள், அல்லது மழுப்புகிறார்கள்.

பாராட்டு, கெட்ட செய்தி, மறுபடி பாராட்டு என்று நடுவில் வைத்து மடித்துக் கொடுக்கும் முறையைப் பல பயிற்சி வகுப்புகளில் சொல்லித்தருகிறார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. நம்பிக்கையோடு வருபவர் இரண்டு பாராட்டையும் எடுத்துக்கொண்டு போய்விடுவார். பயத்தோடு வருபவர் பாராட்டு ஆரம்பித்ததுமே "என்ன குண்டு வரப்போகுதோ" என்று காத்திருப்பார். இரண்டுமே நமக்கு உதவாது.

நான்காம் படி: சொற்களைச் சோதியுங்கள்

இதில் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் நம் மழுப்பல் பெரும்பாலும் வினைச்சொல்லில் ஒளிந்திருக்கிறது. தமிழில் ஒரு வசதி உண்டு. 'உடைத்தோம்' என்பதற்குப் பக்கத்திலேயே 'உடைந்தது' இருக்கிறது. 'தவறவிட்டோம்' என்றால் 'தவறிப்போச்சு'. 'தாமதம் செய்தோம்' என்றால் 'லேட் ஆயிடுச்சு'. ஒரே நிகழ்ச்சி, ஆனால் இரண்டாவது வடிவத்தில் செய்தவரே இல்லை. பொருள் தானாக உடைந்து, நேரம் தானாக ஓடிப்போய்விட்டது. வாடிக்கையாளருக்கு இலக்கணம் தெரியாமல் இருக்கலாம், இந்த வித்தியாசம் தெரியாமல் இருக்காது. நீங்கள் செய்த தவறு என்றால் 'செய்தோம்' என்று முடியும் வினையைப் போடுங்கள்.

அவர் செய்த தவறு என்றால் இதையே தலைகீழாகப் பயன்படுத்தலாம். "நீங்க தப்பான எண்ணைக் கொடுத்துட்டீங்க" என்பதற்குப் பதில் "படிவத்துல கடைசி ரெண்டு எண் மாறியிருக்கு" என்றால் உண்மை ஒரு துளியும் குறையவில்லை. செய்தவரை மட்டும் வாக்கியத்திலிருந்து விடுவித்துவிட்டோம். அதே உத்திதான். நம்மைக் காத்துக்கொள்ளப் பயன்படுத்தினால் மழுப்பல், அவர் முகத்தைக் காக்கப் பயன்படுத்தினால் நயம்.

"பார்க்கலாம்", "முயற்சி பண்றோம்", "சீக்கிரம்", "கிட்டத்தட்ட முடிஞ்சிடுச்சு" ஆகியவற்றைப் பேச்சிலிருந்து எடுத்துவிடப் பாருங்கள். அவற்றுக்குப் பின்னால் எப்போதும் வேறொரு உண்மையான வாக்கியம் இருக்கும். "பார்க்கலாம்" என்பது சில நேரம் "முடியாது", சில நேரம் "எனக்குத் தெரியாது", சில நேரம் "முடியும், ஆனால் இன்று இல்லை". எது என்று உங்களுக்குத் தெரியும். அதையே சொல்லுங்கள். நிஜமாகவே தெரியாதபோது, தெரியாது என்பதோடு எப்போது தெரியும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்: "இப்போதைக்குத் தெரியலை. நாளைக்கு மதியம் மூணு மணிக்குள்ள கூப்பிடுறேன், அப்பவும் தெரியலைன்னா அதையும் கூப்பிட்டே சொல்றேன்." அந்த மூன்று மணி அழைப்பைத் தவறவிட்டால் இதெல்லாம் வீண்.

"உண்மையைச் சொல்லணும்னா..." என்று ஆரம்பிக்கும் பழக்கம் பலருக்கு உண்டு. அதுவரை சொன்னது என்ன என்று ஒருநாள் ஒருவர் என்னிடம் திருப்பிக் கேட்டார். அன்றோடு விட்டுவிட்டேன்.

ஐந்தாம் படி: 'முடியாது' என்பதைச் சொல்லும் விதம்

விலையைக் குறைக்க முடியாது, அந்தத் தேதிக்குள் தர முடியாது, பணத்தைத் திருப்பித் தர முடியாது. நாம் அதிகமாகப் பொய் சொல்வது இங்கேதான். "சிஸ்டம் ஒத்துக்க மாட்டேங்குது", "மேலிடத்துல விடமாட்டாங்க" என்று இல்லாத ஒரு வில்லனை உருவாக்குவோம். அந்த நேரத்துக்குத் தப்பிக்கலாம். ஆனால் வாடிக்கையாளர் "சரி, மேலிடத்துல நானே பேசுறேன்" என்று கிளம்பிவிட்டால் என்ன செய்வீர்கள்?

முடிவு உங்களுடையது என்றால் உங்களுடையது என்றே சொல்லுங்கள். காரணம் ஒன்று போதும். மூன்று காரணம் அடுக்கினால் பலவீனமான காரணத்தைப் பிடித்துக்கொண்டு அவர் வாதாட ஆரம்பிப்பார். "இந்த விலைக்குக் கீழே போனா தரமான பாகம் போட முடியாது. அதனால நான் குறைக்கலை. உங்க பட்ஜெட் இவ்வளவுதான்னா, வேலையைக் குறைச்சுக்கலாம், அதுக்கு வழி சொல்றேன்." இதில் மறுப்பு தெளிவாக இருக்கிறது, அடுத்த கதவும் இருக்கிறது. கதவு இல்லாதபோது இருப்பதாகக் காட்டாதீர்கள்.

உங்கள் பொருளே அவருக்குப் பொருந்தாது என்றால்? சொல்லிவிடுங்கள், தெரிந்தால் வேறு எங்கே கிடைக்கும் என்பதையும் சேர்த்து. அன்றைய வருமானம் போகும். பொருந்தாத பொருளை விற்றால், திரும்ப வரும் வாக்குவாதத்தில் அதைவிடப் பெரிய நேரம் போகும்.

"இது நல்லா இருக்கா?" என்று அபிப்பிராயம் கேட்டால் 'சூப்பர்' என்றோ 'நல்லா இல்லை' என்றோ சொல்ல வேண்டியதில்லை. குறிப்பாகப் பேசுங்கள்: "எழுத்து பெரிசா தெளிவா இருக்கு. பின்னணி நிறம் அடர்த்தியா இருக்கிறதால தூரத்துல இருந்து படிக்கச் சிரமம்." தீர்ப்பு அவருடையது.

ஆறாம் படி: தவறு நம்முடையது என்றால்

2017 ஜனவரி 31 அன்று, மென்பொருள் உருவாக்குபவர்கள் தங்கள் வேலையைச் சேமித்து வைக்கும் கிட்லேப் தளத்தில் ஒரு பொறியாளர் தவறான கணினியில் அழிக்கும் கட்டளையைக் கொடுத்துவிட்டார். சுமார் 300 ஜிபி தரவுத்தளத்தில் 4.5 ஜிபி மிச்சம் இருக்கும்போதுதான் நிறுத்த முடிந்தது. காப்புப் பிரதி எடுக்க வைத்திருந்த ஐந்து முறைகளும் கைகொடுக்கவில்லை. தற்செயலாக ஆறு மணி நேரத்துக்கு முன் எடுத்த ஒரு பிரதியிலிருந்துதான் மீட்டார்கள். இடைப்பட்ட நேரத்து மாற்றங்கள் போயே போய்விட்டன.

அவர்கள் "தொழில்நுட்பக் கோளாறு, வருந்துகிறோம்" என்று எழுதிவிட்டு இருந்திருக்கலாம். மாறாக, என்ன நடக்கிறது என்ற குறிப்பை எல்லோரும் படிக்கும்படி திறந்துவைத்தார்கள். மீட்பு வேலையை யூடியூபில் நேரலையாகவும் காட்டினார்கள். காப்புப் பிரதிகள் ஏன் வேலை செய்யவில்லை என்பதைத் தங்களுக்கு எவ்வளவு கேவலம் என்று பார்க்காமல் எழுதினார்கள். ஆனால் ஒன்றை மட்டும் சொல்லவில்லை: அந்தப் பொறியாளரின் பெயர். 'குழு உறுப்பினர் 1' என்றுதான் அறிக்கையில் இருந்தது. நேர்மையும் நயமும் எங்கே பிரிகின்றன என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை. வாடிக்கையாளருக்குத் தேவையானது முழுதாக வெளியே வந்தது. அவருக்குத் தேவைப்படாத, ஒரு மனிதரை மட்டும் நோகடிக்கக்கூடிய தகவல் உள்ளேயே நின்றது.

"ஒத்துக்கிட்டா வழக்கு போட்டுடுவாங்க" என்ற பயம் நியாயமானதுதான். மிச்சிகன் பல்கலைக்கழக மருத்துவ அமைப்பு 2001இல் இதை மாற்றிப் பார்த்தது: சிகிச்சையில் தவறு நடந்தால் நோயாளியிடம் தாங்களே சொல்வது, இழப்பீட்டையும் முன்வந்து தருவது. 2010இல் வெளியான ஆய்வின்படி, ஒரு லட்சம் நோயாளி வருகைகளுக்கு மாதம் 7.03 ஆக இருந்த, இழப்பீடு கேட்கும் புதிய கோரிக்கைகள் 4.52 ஆகக் குறைந்தன. வழக்குகள் 2.13இலிருந்து 0.75. முழுப் பெருமையும் இந்தத் திட்டத்துக்கே என்று அந்த ஆய்வாளர்களே அடித்துச் சொல்லவில்லை. ஒத்துக்கொண்டால் வழக்கு குவியும் என்ற பயம் பலிக்கவில்லை என்பது மட்டும் தெளிவு. சட்டச் சிக்கல் வரக்கூடிய பெரிய விஷயம் என்றால் உங்கள் நிறுவனத்தின் சட்ட ஆலோசகரிடம் கேட்டுவிட்டுப் பேசுங்கள். ஆனால் அதற்காக வாரக்கணக்கில் வாயடைத்து இருக்காதீர்கள்.

மன்னிப்பில் நான்கு இருக்க வேண்டும்: என்ன செய்தோம், அதனால் உங்களுக்கு என்ன ஆனது, என்ன சரிசெய்கிறோம், எப்போது. "சிரமம் ஏற்பட்டிருந்தால் வருந்துகிறோம்" என்ற வாக்கியத்தில் இந்த நான்கில் ஒன்றுகூட இல்லை. அந்த 'இருந்தால்' வேறு, ஏற்பட்டதா என்றே சந்தேகப்படுகிறது.

தவறைச் சிறப்பாகச் சரிசெய்தால் வாடிக்கையாளர் முன்னைவிட அதிகம் திருப்தி அடைவார் என்று 1992 முதல் ஒரு கருத்து புழக்கத்தில் இருக்கிறது. அதை நம்பி அலட்சியமாக இருக்க வேண்டாம். பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த 2007ஆம் ஆண்டு ஆய்வு, திருப்தி கூடுவது தெரிந்தாலும் அவர்கள் மறுபடி வாங்குவார்கள் என்பதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை என்றே சொன்னது.

ஏழாம் படி: சொல்லக் கூடாதவை

இன்னொரு வாடிக்கையாளரின் விவரம், அலுவலக உள்விவகாரம், பாதுகாப்பு தொடர்பானவை. இவற்றை யார் கேட்டாலும் "அதை நான் சொல்ல முடியாது" என்பதே முழுமையான, நேர்மையான பதில். "எனக்குத் தெரியாதுங்க" என்று சொல்வது பொய். வித்தியாசம் சின்னதாகத் தெரியும். மாட்டிக்கொள்ளும் நாளில் பெரிதாகத் தெரியும்.

எழுத்தில் செய்தி அனுப்புவதைப் பற்றியும் ஒரு வார்த்தை. கெட்ட செய்தியைக் குறுஞ்செய்தியில் போட்டுவிட்டு ஒளிந்துகொள்ளாதீர்கள். முதலில் போனில் பேசுங்கள், அப்புறம் பேசியதை எழுதி அனுப்புங்கள். பேச்சில் குரலின் இதம் இருக்கும், எழுத்தில் தெளிவு இருக்கும், இரண்டும் தேவை. கோபமாக வந்த செய்திக்கு உடனே பதில் எழுதினால், அனுப்பும் முன் ஒருமுறை சத்தமாகப் படித்துப் பாருங்கள்.

எட்டாம் படி: போய்ச் சேர்ந்ததா என்று பாருங்கள்

நயமாகச் சொல்லிவிட்டோம் என்று நினைப்போம். அவர் வெளியே போய் வீட்டுக்கு போன் செய்து "எடுத்துத் தர்றேன்னு சொல்லியிருக்காங்க" என்பார். அப்படியானால் நாம் சொன்னது நயம் இல்லை. அவர் கிளம்பும் முன் இப்படிக் கேட்கலாம்: "நான் தெளிவா சொன்னேனான்னு தெரியலை, இப்போ நீங்க அடுத்து என்ன செய்யப்போறீங்க?" புரிந்ததா என்று கேட்டால் எல்லோரும் தலையாட்டுவார்கள். அடுத்து என்ன என்று கேட்டால்தான் உண்மை வெளிவரும்.

நாங்கள் வேலை அட்டையில் ஒரு கட்டம் சேர்த்தோம். பொருளின் பெயர், பழுது, தேதி இவற்றுக்குக் கீழே 'வாடிக்கையாளரிடம் சொன்னது' என்று ஒரு வரி. அவரிடம் பேசியவர் தான் சொன்ன சொற்களையே அதில் எழுத வேண்டும், சுருக்கம் கூடாது. ஆரம்பத்தில் எல்லோருக்கும் எரிச்சல். ஒரு மாதம் கழித்து, கவுண்டரில் பேசும்போதே ஆட்கள் கொஞ்சம் நிறுத்தி யோசிப்பது தெரிந்தது. புதிதாகச் சேர்ந்த பையன் ஒருவன் ஒருநாள் அட்டையை நீட்டினான். அந்தக் கட்டத்தில் 'பார்க்கலாம்' என்று இருந்தது. "அவர் இன்னும் வாசல்லதான் இருக்கார், ஓடு" என்றேன்.